அம்மாவுக்கும் கேட்ட சத்தம்

அன்றைக்கு என் அம்மாவுக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே கேட்டதா?

இத்தனை வருஷமாகியும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. அம்மாவிடமே நேராகக் கேட்டும் பார்த்துவிட்டேன். துணி மடித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ, என் முகத்தைப் பார்க்காமலே, "கேட்டுச்சு கண்ணு, லேசாக் கேட்டுச்சு" என்பாள். அப்பா காலமான பிறகும் அந்தப் பதிலை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய ஒரு நிலைமை இப்போது எனக்கு வந்திருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எல்லாருக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். அப்பா நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கேதான் வேலை. எனக்கு எட்டு வயது நடக்கும்போது மில்லை மூடிவிட்டார்கள்.

மூடிய பிறகு கேன்டீன் சாமான்களையும் தொழிலாளர் மனமகிழ் மன்றத்துச் சாமான்களையும் தொழிலாளிகளுக்கே சல்லிசாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பெஞ்சும் அண்டாவும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா ஒரு பழைய வால்வ் ஆம்பிளிஃபயரைச் சைக்கிள் கேரியரில் கட்டி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அண்டாவாக இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்திருப்பாள்.

பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி. மேலே கம்பி வலை, அதற்குள் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. வால்வுகள் மெல்லச் செக்கச்செவேலென்று கனிந்து, சூடேறிய தூசி வாசம் வந்த பிறகுதான் குரல் எழும்பும். டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அப்பாவுக்கு அவையெல்லாம் தகர டப்பாக்கள். "இது பேசுனா ஆளு பக்கத்துல உக்காந்து பேசற மாதர இருக்குமுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். காதுகுத்து, சீர், நிச்சயதார்த்தம் என்று மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் திட்டம். அம்மா வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அது போக எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தப் பச்சைப் பெட்டிதான்.

அதில் ஒரே ஒரு குறை. பாட்டுக்கு அடியில், பாட்டு நின்றால் தனியாக, 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. எந்நேரமும் இருந்துவிட்டாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அது வரும், போகும். காலையில் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், மதியம் உறுமும். ரிப்பேர்காரர் வந்து முன்னால் உட்கார்ந்தால் மூச்சு விடாது. அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் ஆரம்பிக்கும்.

"எர்த் செரியில்ல" என்று அப்பா கண்டுபிடித்தார். லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு குழிக்குள் இரும்புக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடியிருந்தார்கள். வெயில் காலத்தில் மண் காய்ந்து போனால் கரண்டு பூமிக்குள் இறங்காமல் தடுமாறும், அதுதான் பெட்டிக்குள் உறுமுகிறது என்று எனக்கு விளக்கினார். அம்மாவின் கல்லுப்பு ஜாடி பாதியாகக் குறைந்தது. தினமும் அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாம் குழிக்குப் போயிற்று. போதாதபோது குடத்துத் தண்ணீரும் போயிற்று.

பக்கத்து வீட்டு அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "ஏனுங்ண்ணா, மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம். கரண்டுக்குத் தாகமெடுக்குதுன்னு குடங்குடமா ஊத்தறீங்களே?"

"கொஞ்சந்தானுங்க. நனஞ்சாப் போதும்."

"நனஞ்சாச்சுன்னா அடுத்து தல துவட்டி உட்டுருவீங்களாட்ட இருக்குது!"

ஆனால் அப்பா சொன்னதில் விஷயம் இருந்தது. குழி நனைந்திருந்தால் உறுமல் நிஜமாகவே குறைந்தது. அந்த அத்தை மூட்டையாகத் துணி துவைக்கிற நாளில் பெட்டி ஏறக்குறைய வாய் மூடிக்கொண்டது. அதன்பிறகு அப்பா காலையில் சுவர் வழியாகக் கேட்பார்: "அம்மணி, இன்னைக்குத் துணி தொவைக்கலீங்களா?" அத்தையும் விடமாட்டாள். "உங்க பொட்டிக்குச் சொகமில்லீங்களா? இருங்க, பெட்சீட்டு அத்தனையும் நனச்சுப் போடறேன்!" லைன் முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, பம்ப் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்ததும் என் காதைப் பிடித்து, "ஏ அம்மணி, காதுக்குள்ள என்னத்தப் போட்டு வெச்சிருக்கறே?" என்று ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுப்பார். நான் வாயைப் பிளப்பேன். அதோடு விடமாட்டார். அடுத்த தடவை மெதுவாகச் செய்து, கடைசியில் உள்ளங்கையை விரித்து மிட்டாய் எங்கே ஒளிந்திருந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுவார். கையை விரித்தால்தான் வித்தை முடிந்தது என்று எனக்கு அவர் பழக்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பெட்டியைத் திறந்தார். பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் மாறியது, போகவில்லை. பென்சில் கட்டையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினார். முதல் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் உறுமியது. கடைசியில் பின்பக்கம் இருந்த ஒரு போல்ட்டை ஆட்டினார். உறுமல் சட்டென்று நின்றது. மறுபடி ஆட்டினார். வந்தது.

உள்ளே இருக்கிற எர்த் ஒயர்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிற போல்ட் அது. கழற்றிப் பார்த்துவிட்டு மாமா சிரித்தே விட்டார். மில்லில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெசின்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துச் சந்தனம் வைப்பார்கள். மன்றத்து ஆம்பிளிஃபயரையும் விட்டுவைக்கவில்லை. கழற்றி, துடைத்து, பெயிண்ட் அடித்து, அது காயும் முன்பே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு பூச்சு. இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பச்சை, சாம்பல், நீலம் என்று பெயிண்ட் படிந்திருந்தது. பெட்டி சூடேறும்போது தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது.

"சாமி கும்புட்டே கெடுத்துப் போட்டிருக்கறீங்க மச்சான்" என்றார் மாமா.

அந்தப் பூச்சுகளில் சிலதை அப்பாவே அடித்திருப்பார்.

மாமா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளக்கும்படி செய்து, ஒயர்களைப் புதிதாகப் பற்றவைத்து முடுக்கினார். வால்வுகள் கனிந்தன. நாங்கள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை. பெட்டி ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்படியான அமைதி. அம்மா அன்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். பக்கத்து வீட்டு அத்தை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப இனி நான் துணி தொவைக்கோணும்னு இல்லீங்களா?" என்றாள். அடுத்த தெருவில் ஒரு பெண் பெரியவளானதற்குச் சீர் வைத்திருந்தார்கள். மைக் செட்டுக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது எங்கள் வாழ்க்கையில் ஒரு நல்ல வாரம். சீருக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா செட்டைப் போட்டுப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். தலையைச் சாய்த்தார்.

"வந்துருச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பா ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தார். போல்ட்டை முடுக்கினார். என்னைப் பார்த்து, "கண்ணு, உனக்குக் கேக்குதா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"நல்லாக் கேளு."

நன்றாகத்தான் கேட்டேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டது, அடுப்பில் பருப்பு கொதிப்பது கேட்டது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற அம்மா, அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க. லேசாக் கேக்குதுங்க."

"பாத்தியா?" என்றார் அப்பா என்னிடம். "உனக்குப் பத்தாது கண்ணு. பழகுன காதுக்குத்தான் புடிபடும்."

சத்தத்தோடு செட்டைக் கொடுத்தால் முதல் வேலையிலேயே பேர் கெட்டுவிடும் என்று சீர்க்காரர்களிடம் போய் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கடுத்து வந்த காதுகுத்தையும் அப்படியே திருப்பி அனுப்பினார். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து வால்வுகள் வாங்கிவந்து மாற்றினார். போல்ட்டைக் கழற்றி மறுபடி தேய்த்தார். இன்னொரு எர்த் குழி தோண்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்ச நேரம் முகம் தெளியும், "போயிருச்சு" என்பார். பிறகு தலை சாயும். பிசிறு வெட்டுகிற மூட்டைகள் வீட்டில் அதிகமாயின. அம்மாவின் கட்டைவிரல் கத்தரிக்கோல் பட்டுக் காய்த்துப்போனது.

எனக்கோ வேறு பயம். முன்பு உறுமல் எனக்கும் கேட்டது. இப்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மெதுவாகப் பேசினால் உயிர் போகும். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பேன். குடத்துக்குள் தலையை விட்டு என் பெயரையே சொல்லிப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு ரிப்பேர் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். "மச்சான், சுத்தமா இருக்குதுங்க. குண்டூசி உழுந்தாக் கேக்கும்" என்று அடித்துச் சொன்னார்.

"நீ நாள் பூரா மோட்டாரோட கெடக்கறவன் மாப்ள. உன்ற காது மரத்துப் போச்சு" என்றார் அப்பா.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு முன், மாமா பெட்டி வைத்திருந்த அலமாரிக்குப் பின்பக்கம் போய் நின்றார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, வால்வுகள் கனிந்திருந்தன. அப்பா எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை நிலைப்படியில். நான் மாமாவுக்குப் பக்கவாட்டில். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைச் சத்தமில்லாமல் உருவிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

வித்தை! நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மச்சான், இப்பக் கேக்குதுங்களா?"

அப்பா ஒரு விரலை உயர்த்தினார். "கேக்குது. முன்னக் காட்டியும் நல்லாவே கேக்குது."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நிலைப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, உனக்கு?" என்றார்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். மாமாவின் மூடிய கை அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்குமா? நான் மனசுக்குள் அந்த அறையை எத்தனையோ தடவை வரைந்து பார்த்துவிட்டேன். அலமாரியின் கதவு திறந்திருந்தால் தெரிந்திருக்காது. மூடியிருந்தால் தெரிந்திருக்கும். கதவு எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா அடுத்து அப்பாவைப் பார்த்தாள்.

"கேக்குதே" என்றாள்.

நான் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விரிப்பார், எல்லாரும் சிரிப்போம். மாமா கையை விரிக்கவில்லை. குனிந்து ஒயரை மறுபடி செருகினார். "பாத்துக்கலாமுங்க மச்சான், செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிற மாதிரி பின்பக்கம் போனார்.

அம்மா பின்னால் போனாள். நானும் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஒயரைக் கழட்டிக் கையில வெச்சிருந்தேன்க்கா. பொட்டியில சத்தம் வர வழியே இல்ல. மச்சானுக்குக் காதுலதான் இருக்குது. அத்தன வருசம் அந்த மெசின் எரைச்சல்ல நின்னவரு. ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாம்."

"காட்டுனாச் செரி பண்ணிப் போடுவாங்களா?"

மாமா கையை நீட்டிக் குழாயைத் திறந்தார். குழாயில் தண்ணீர் சொட்டியது.

"மெசின்ல இருக்குதுன்னா ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு உக்காருவாரு" என்றாள் அம்மா. "காதுல இருக்குதுன்னு சொல்லிப்போட்டா எதை எடுத்துட்டு உக்காருவாரு?"

"அப்ப நீ கேக்குதுன்னு சொன்னது?"

"கேட்டுச்சு. சொன்னேன்."

மாமா அன்று சாப்பிடாமல் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அன்று பெரிய பாரம் இறங்கியது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் அப்பாவின் காதுக்குள் இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை. அங்கே இருப்பதை வெளியே எடுக்கிற ஆள்தான் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறாரே. அடுத்த ஞாயிறு மாமா சைக்கிளை நிறுத்துவதற்குள் தெருவுக்கே ஓடினேன்.

"மாமா, அப்பா காதுல இருந்து அந்தச் சத்தத்த எடுத்துருங்க மாமா."

மாமா ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு கையை விரித்துக் காட்டினார். வெறும் கை. "அந்த வித்த மாமனுக்குத் தெரியாது அம்மணி" என்றார். அதன் பிறகு அவர் என் காதிலிருந்து மிட்டாய் எடுக்கவே இல்லை. பையிலிருந்து எடுத்து நேராகக் கையில் கொடுத்துவிடுவார். எனக்கு அதில் ருசியே இல்லை.

கொஞ்ச காலத்தில் பச்சைப் பெட்டியைப் பழைய பெட்சீட்டில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு அப்பா பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அல்லது செய்தித்தாளைப் புரட்டும்போது, அவர் தலை சாயும். கை அந்தரத்தில் நிற்கும். "கேக்குதா?" என்பார் அம்மாவிடம்.

"ஆமாங்க" என்பாள் அம்மா. "லேசாக் கேக்குதுங்க."

அவ்வளவுதான். அப்பா மறுபடி சாப்பிட ஆரம்பிப்பார். பெட்டி பரணில் இருக்கிறது, பிளக் இல்லை, கரண்டு இல்லை. இல்லாத மெசினைப் பற்றி இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பேன். அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம் என்றோ, அம்மாவுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றோ எனக்கு அப்போது தோன்றவில்லை. பெரியவர்கள் மறதிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் விஷயம். என் மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. சில மாதங்களாக விளையாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்க்கிறாள். "அம்மா, அந்தச் சத்தம்" என்கிறாள். என்ன சத்தம் என்றால் 'ம்ம்ம்' என்று செய்து காட்டுகிறாள். ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன். காது டாக்டரிடம் போனோம். பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். டாக்டர் முன்னால் அவள் சத்தமே இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆட்டோ ஏறியதும் "வந்திருச்சும்மா" என்றாள். பெரிதுபடுத்தாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். நாம் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாள் என்கிறார் என் கணவர். இருக்கலாம். தாத்தாவைப் பற்றி நான் யாரிடமோ பேசியதை அவள் கேட்டிருக்கலாம். அப்படியும் இருக்கலாம். நான் ஒரு முடிவுக்கு வந்து, பத்து நிமிஷத்தில் அதை மாற்றிக்கொள்கிறேன்.

என் பயம் அவள் காதைப் பற்றி மட்டுமல்ல. நேற்று அவள் என் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, "அம்மா, உனக்கும் கேக்குதா?" என்றாள். கேட்கவில்லை என்றால் அந்தச் சத்தத்தோடு அவளைத் தனியாக விட்டுவிடுகிறேன். கேட்கிறது என்றால், இல்லாத ஒன்றுக்கு நானே எர்த் குழி தோண்டி, காலம் முழுவதும் தண்ணீர் ஊற்றப் பழக்கிவிடுகிறேனோ என்று இருக்கிறது. அம்மா செய்தது அப்பாவைக் காப்பாற்றியதா, அந்தப் பச்சைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்டதா? அன்றே டாக்டரிடம் போயிருந்தால் அந்தச் சீருக்கு அப்பா செட்டைக் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. நேற்று அவளிடம், குக்கரை இறக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

இன்று பள்ளிவிட்டு வந்ததும் மறுபடி கேட்பாள். இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது, உங்கள் பிள்ளையோ உங்கள் வீட்டுப் பெரியவரோ, உங்களுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் பற்றி 'கேட்கிறதா' என்று கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்குப் பிறகு அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.